கலை 2

"யாழினி ஓகேவா?" என்று செம்மல் வாட்சப்பில் கேட்டபோது, கலைமகளின் திரையில் இரண்டு மனுக்கள் திறந்திருந்தன. ஒன்றின் தலையில் 'மனு' என்றும் மற்றதன் தலையில் 'மனு 2' என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் மூடிவிட்டு, வரிசையை மாற்றித் திறந்து பார்த்தாள். முன்பு 'மனு'வாக இருந்தது இப்போது 'மனு 2' ஆகிவிட்டது. முன்பு 'மனு 2'வாக இருந்தது ஒன்றும் அறியாத பிள்ளையைப் போல 'மனு' என்று உட்கார்ந்திருந்தது. வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்யும் அஞ்சலாட்சி காலையில் போனில் அழாத குறையாகச் சொன்னது இதைத்தான்.

நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இயங்கும் சின்னக் கம்பெனி அது. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்காக 'ஏடு' என்று ஒரு எடிட்டர் மென்பொருள் செய்து விற்றார்கள். அச்சகங்களும் பத்திர எழுத்தர்களும் வக்கீல் ஆபீஸ்களும் வாங்கினார்கள். அஞ்சலாட்சி ஒழுங்கானவள். கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு போல்டர் போட்டு, ஊர் வாரியாகப் பிரித்து வைத்திருந்தாள். ஆனால் உள்ளே இருக்கும் ஃபைலுக்கு எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: மனு. "போல்டர்லயே ஆளு பேரு இருக்குதே மேடம், அப்பறம் உள்ள எதுக்கு இன்னொரு பேரு?" என்று அவள் கேட்டதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. போன வாரம் பாகூர் ராஜாவின் வரப்புத் தகராறும் வில்லியனூர் ராஜாவின் விவாகரத்தும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. இடையில் டீ குடிக்கப் போய் வந்தவள், எது 2 என்பது குழம்பி, ஒன்றில் அடிக்க வேண்டிய பத்தியை மற்றதில் அடித்துவிட்டாள். பாகூர் ராஜா தன் பக்கத்து நிலத்துக்காரரிடமிருந்து விவாகரத்து கேட்டிருந்தார். வக்கீல் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவராக இருந்ததால் மானம் தப்பியது.

கலை செல்போனை எடுத்து, "யாருக்கு?" என்று அனுப்பினாள்.

"ஒனக்குத்தான் மேடம். அத்த சொல்றாங்க. நல்ல தமிழ்ப் பேராம்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

செம்மல் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். அதற்கு ஒரு கதை உண்டு. அவன் லிஃப்ட் சர்வீஸ் செய்கிறவன். இரண்டு வருஷம் முன்பு இதே கட்டடத்தின் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனபோது உள்ளே இவள் மட்டும் இருந்தாள். வெளியிலிருந்து ஒரு குரல், "பயப்படாதீங்க, உள்ள யாரு? பேரு என்னா?" என்று கேட்டது. இவள் "கலை" என்றாள். உடனே அந்தக் குரல், "ஐயோ, எங்கம்மா பேருங்க அது. பேரச் சொல்லிக் கூப்புட வாய் வராது. மேடம்னே கூப்புடுறேன், கோச்சிக்காதீங்க" என்றது. இருட்டில், வியர்த்துக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டு நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்து அவன் கை கொடுத்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதன் பிறகு லிஃப்ட் அடிக்கடி பழுதாயிற்று. காதல் முற்றி, 'நீங்க' போய் 'நீ' வந்த பிறகும் மேடம் மட்டும் போகவில்லை. "நீ சாப்ட்டியா மேடம்?" என்று அவன் கேட்பது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு நாளாவது தன் பெயரை அவன் வாயால் கேட்க வேண்டும் என்ற ஆசை அடியில் கிடந்ததே தவிர, அதை ஒரு குறையாக அவள் நினைத்ததில்லை. நிச்சயதார்த்தம் வரைக்கும்.

போன மாதம் மூலக்குளத்தில் இவள் வீட்டில்தான் நடந்தது. தட்டு மாற்றி, பூ வைத்து, எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் செம்மலின் அத்தை செல்வாம்பாள் ஆரம்பித்தார். செம்மலின் அப்பா இராமதாஸுக்கு அக்கா. தம்பி வேலை பார்த்த பஞ்சு மில் இருந்த காலத்திலிருந்து முதலியார்பேட்டையில் அந்தக் குடும்பத்துக்கு அவர் சொல்தான் சட்டம்.

"எல்லாம் பொருத்தமாத்தான் இருக்குது. பேருதான் ஒதைக்குது. மாமியாளும் கலைமவ, மருமவளும் கலைமவ. எந்தம்பி வாசல்ல நின்னு கலைன்னா எவ ஓடியார்றது? இந்தப் பையன்தான் பொண்டாட்டிய எப்புடிக் கூப்புடுவான்? பெத்தவ பேரச் சொல்லி, 'கலை, தண்ணி கொண்டா'ன்னா நாக்கு அழுவிப்பூடாதா?"

பந்தியில் சிரிப்பு எழுந்தது. கலையின் அம்மா ஆதிலட்சுமி, "அதுக்கென்னாங்க, வாழப்போற எடத்துல எப்புடிக் கூப்புடுறீங்களோ கூப்புட்டுக்குங்க" என்றாள்.

"அதான் நானும் சொல்றேன். வர்ற பொண்ணுக்கு வேற பேரு வெச்சிக்கிலாம். எங்க ஓரகத்திக்கு அப்டிதான வெச்சம். பத்திரிகையிலியே போட்டுடலாம். பழக்கத்துக்கு வந்துடும்."

அப்பா சக்கரபாணி சாப்பிட்டு முடிக்காத இலையை மடித்துவிட்டு எழுந்தார். கலை செம்மலைப் பார்த்தாள். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா இலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆக, அவருக்கும் சம்மதம்தான் என்று கலை முடிவு கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து யாழினி, கயல்விழி, தேன்மொழி என்று வாரம் ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் தேடுவதுபோலத் தேடினார்கள். பிறந்து இருபத்தாறு வருஷமான பிள்ளை நெல்லித்தோப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் விஜயராகவன் அவள் மேஜைக்கு வந்தார். கம்பெனியை நடத்துகிறவர் அவர்தான். நல்ல மனிதர். கையில் எப்போதும் ஒரு மிளகு முறுக்கு இருக்கும்.

"சிம்பிளா முடிம்மா. மொதல்ல தொறந்தது 'மனு'ன்னே இருக்கட்டும். ரெண்டாவதா வர்றதுக்கு மட்டும் நம்பருக்குப் பதிலா போல்டர் பேரப் போட்டுடு. வேல முடிஞ்சிது."

"மொதல்ல தொறந்ததுன்றது என்னா சார்? இன்னிக்கிக் காலைல எது மேல மொதல்ல கை பட்டுதோ அது. நாளைக்கி வேற. வெறும் மனுன்னு ஒண்ணு நின்னா, அது எந்த ராஜாவோடதுன்னு அந்தக்கா எப்புடிக் கண்டுபிடிப்பாங்க?"

"மத்தது பாகூர்னு போட்டிருந்தா இது வில்லியனூரு. கழிச்சிப் பாத்துக்க வேண்டியதுதான்."

"பத்து மனு தொறந்திருந்தா?"

அவர் முறுக்கைக் கடித்தார். "அதுக்காக, அது பாட்டுக்கு உக்காந்திருக்கறத எழுப்பறதா? அது என்னா தப்பு பண்ணிச்சி?"

"எழுப்ப வேணாம் சார். ரெண்டும் கொஞ்சம் நகுந்து உக்காரணும். அவ்ளோதான். புதுசா வந்ததும் ஒரு தப்பும் பண்ணலியே."

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜையில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். விஜயராகவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஃபைலுக்கா இவ்ளோ கோவம்?" என்றார். பிறகு, "சரி, ஒன் இஷ்டம். ஆனா தலப்பு நீளமாப் போச்சின்னா ஒத்துக்கமாட்டேன். ரயிலுப் பொட்டி மாதிரி வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் முயற்சியில் ரயில் பெட்டி மாதிரிதான் வந்தது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால், எந்த டிரைவில், எந்த வருஷத்தில், எந்த ஊரில், யார் போல்டரில் என்று முழு முகவரியையும் தலையில் ஏற்றிவிட்டாள். திரையின் மேல்பக்கம் பூராவும் எழுத்தாகி, மூன்றாவது ஃபைலுக்கு இடமே இல்லை. அழித்துவிட்டு யோசித்தாள். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துச் சொல்ல மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? ஊரைச் சேர்க்கிறார்கள், தெருவைச் சேர்க்கிறார்கள், அதுவும் குழப்பம் இருந்தால்தான். குழப்பம் தீர்ந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். ஏழு தலைமுறை வரைக்கும் யாரும் போவதில்லை. ஆகவே ஃபைலும் ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். ஒரு படி ஏறினால் 'ராஜா / மனு', 'ராஜா / மனு' என்று வந்தது. இரண்டும் ராஜா, போதாது. இன்னொரு படி ஏறியதும் 'பாகூர் / ராஜா / மனு', 'வில்லியனூர் / ராஜா / மனு' என்று பிரிந்துவிட்டது. அங்கே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு எழுத்தும் கூடாது.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒன்றைச் சேர்த்தாள். இரண்டில் ஒன்றை மூடினால், மிச்சமிருப்பது தன் பழைய பெயருக்குத் திரும்பிவிட வேண்டும். பாகூர் ராஜாவை மூடினாள். வில்லியனூர் ராஜாவின் தலையிலிருந்து ஊரும் ஆளும் உதிர்ந்து, 'மனு' என்று மட்டும் நின்றது. மறுபடி திறந்தாள், இரண்டும் நீண்டன. மூடினாள், சுருங்கியது. வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். ஃபைல்களுக்குக் கோபம் வருவதில்லை, வருத்தம் வருவதில்லை. நகர்ந்து உட்கார்ந்தன, இடம் கிடைத்ததும் தளர்ந்து உட்கார்ந்தன.

சனிக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்க நேரு வீதிக்குப் போனார்கள். செல்வாம்பாளுக்கு மூட்டுவலி, வரவில்லை. போனில் மட்டும், "அரக்கு எடு, இல்லாட்டி மாம்பழக் கலரு எடு, பச்சைய எடுத்துடாத" என்று உத்தரவு வந்துகொண்டிருந்தது. செம்மல் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போயிருந்தான். இராமதாஸ், மில் மூடியதிலிருந்து ஓட்டும் தன் குட்டி லோடு வண்டியில் பெண்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நிறுத்த இடம் தேடிப் போனார். ஆதிலட்சுமி பிளவுஸ் துணிப் பக்கம் இறங்கிப் போனதும், பட்டு மாடியில் செம்மலின் அம்மாவும் கலையும் மட்டும் மிஞ்சினார்கள். நிச்சயத்துக்குப் பிறகு இருவரும் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை.

செம்மலின் அம்மா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மாத்திரை பாக்கிங்கில் வேலை பார்ப்பவர். விரல்களுக்கு அந்த வேகம் உண்டு. விரிக்க விரிக்க மடித்துக்கொண்டே வந்தார். கடைப்பெண்ணுக்கே கூச்சமாகப் போயிற்று.

"நீங்க வுடுங்கம்மா, நா மடிக்கிறேன்" என்றவள், பேச்சை மாற்ற, "பொண்ணு பேரு என்னாங்க?" என்று கேட்டாள்.

செம்மலின் அம்மா கலையைப் பார்த்தார். கலை அவரைப் பார்த்தாள். இரண்டு பேரில் யாராவது ஒருவர் சொல்வார் என்று கடைப்பெண் புன்னகையோடு காத்திருந்தாள்.

"இன்னும் வெக்கிலீங்க" என்றாள் கலை.

கடைப்பெண் புன்னகையை என்ன செய்வது என்று தெரியாமல், "வேற டிசைன் எடுத்தாறேன்" என்று எழுந்து போய்விட்டாள். செம்மலின் அம்மாவுக்குத் தோள் குலுங்கியது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "பாவம்டி அந்தப் பொண்ணு. பைத்தியம்னு நெனைச்சிருக்கும்" என்றார். சிரித்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட முடியும் என்று கலைக்குத் தோன்றியது.

"நா பேர மாத்திக்கணும்னு ஒங்களுக்கும் இருக்குதா அத்த?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இருக்குது" என்றார்.

'இல்லை' என்ற பதிலுக்குக் கலை தயாராகி இருந்தாள். மழுப்பலுக்கும் தயாராகி இருந்தாள். இதற்குத் தயாராக இல்லை.

"பொய் சொல்லக்கூடாது, நீ எங்கூட வாழப்போறவ. இருக்குது. ஆனா அண்ணி சொன்னாங்களே, அதுக்கு இல்ல. நாக்கு அழுவறதெல்லாம் சும்மா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னியக் கலைன்னு கூப்புட இந்த ஊர்ல ஒரே ஆளுதான்டி. பாக்கிங்ல கலையக்கா. தெருவுல செம்மலு அம்மா. அண்ணிக்கு நான் 'ஏ இவளே'. பொறந்த வூட்ல கூப்புட்டவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. அவரு ஒருத்தர்தான் கேட்டத் தொறக்கறப்பவே கூவிக்கினு வருவாரு. பாலு வாங்கிட்டேன்னு ஒரு கலை. கண்ணாடியக் காணம்னு ஒரு கலை. ஒண்ணும் இல்லாட்டியும் ஒரு கலை. நா என்னான்னு வந்தா, சும்மாதான்னு சொல்லுவாரு. மருமவ பேரும் அதான்னா, நீ நிக்கிற வூட்ல அவரு வாய் தொறப்பாரா? அந்த மனுசன் கூச்சக்காரரு. 'ஏம்மா', 'இந்தா'ன்னு ஆரம்பிச்சிடுவாரு. அப்பறம் எம்பேரு ரேஷன் கார்டுலதான் இருக்கும்."

இந்த வாரம்தான், முதலில் வந்தது ஏன் நகரக்கூடாது என்று விஜயராகவனிடம் சண்டை பிடித்தவள் கலை. நகர்ந்தால் அதற்கு என்ன போய்விடும் என்று கேட்டவள். என்ன போகும் என்று இப்போது எதிரில் ஒரு அம்மா சொல்லிக்கொண்டிருந்தார், கையில் பாதி மடித்த அரக்குப் புடவையோடு. தனக்குப் போவது தெரியும். இது தெரியாமல் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஒரே ஒருவர். தனக்கு அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், ஆபீஸ் முழுக்கக் கலை கலை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"யாழினின்னே வெச்சிக்கிறேன் அத்த. நல்ல பேருதான்" என்றாள். நிஜமாகவே சொன்னாள்.

"சும்மா இரு. ஒங்கப்பா வெச்சத எடுத்துட்டு நா எங்க கொண்டும்போயி வெச்சிக்கிறது?" செம்மலின் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அன்னிக்கி அவரு எலைய மடிச்சிட்டு எழுந்து போனாரே, அதப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. எங்கப்பா இருந்தா அப்டிதான் எழுந்திருப்பாரு. பாகூர்ல ஏர் ஓட்டினவரு, சின்னக்கண்ணுன்னா ஊருக்கே தெரியும். கைநாட்டு. ஆனா, எம்பொண்ணுக்கு நல்ல தமிழ்ப் பேரா வேணும்னு வாத்தியார் வூட்டு வாசல்ல போயி நின்னு கேட்டுக்கினு வந்து வெச்சாரு. கூப்புட்டா சுருக்கமாட்டாரு. வரப்புல நின்னு கலைமவளேன்னா களத்துமேடே திரும்பும்."

"அப்பறம் என்னாதான் அத்த பண்றது?"

"தெரியிலியே. நீ ஆபீசுக்குப் போற நேரம் நா கலையா இருக்கிறேன். நீ வூட்டுக்கு வந்ததும் எதனா ஒண்ணா இருந்துக்கிறேன்."

கலை சிரித்துவிட்டாள். வியாழக்கிழமை தான் எழுதி முடித்ததை இந்த அம்மா மாத்திரை எண்ணுவதுபோலச் சொல்கிறார். "அத்த, நா ஆபீசுல இதத்தான் பண்ணேன்" என்று, இரண்டு மனுக்களையும், ஒன்றை மூடினால் மற்றது சுருங்குவதையும் புடவை முந்தானைகளை வைத்துச் சொல்லிக் காட்டினாள். செம்மலின் அம்மா கவனமாகக் கேட்டார்.

"மெஷின் மாத்திக்கும்டி. மனுசன் வாய் கதவ தொறந்தா ஒண்ணு, சாத்தினா ஒண்ணுன்னு மாறுமா?" என்றார்.

அப்போது போன் அடித்தது. செம்மல். பின்னால் அச்சு இயந்திரம் தடதடத்தது.

"மேடம், பிரஸ்காரரு அவசரப்படுத்துறாரு. பத்திரிகை மெஷின்ல ஏறணுமாம். பேரு என்னான்னு போடறது? அத்த ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. நீ சொல்றதத்தான் போடுவேன், அவங்க என்னா சொன்னாலும் சரி. சொல்லு."

"ஒரு நிமிஷம் இரு" என்றாள் கலை.

மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. இராமதாஸ்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. படியின் தலைப்பில் நின்று, சனிக்கிழமைக் கூட்டத்தில் கண்ணை ஓட்டி, வழக்கப்படி வாயைத் திறந்தார்.

"கலே, போலீசு வண்டியத் தூக்க வர்றா..."

இரண்டு தலைகள் நிமிர்ந்தன. ஒரே நேரத்தில், ஒரே மாதிரி. இராமதாஸின் வாய் திறந்தபடி நின்றது. மருமகளைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், இரண்டு பேரும் பதில் சொல்லப்போகும் முகத்தோடு இருப்பதைப் பார்த்தார். காதோரம் வரை கூச்சம் ஏறியது. துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். 'ஏம்மா' என்பதற்கு உதடு விரிந்ததைக் கலை கண்டாள். செம்மலின் அம்மாவும் கண்டிருக்க வேண்டும். பார்வையை மடியில் கிடந்த புடவைக்கு இறக்கிக்கொண்டார்.

உதடு விரிந்த இடத்திலேயே நின்றது. சாவிக் கொத்தில் சரியான சாவியைத் தேடுகிறவரைப்போல இராமதாஸ் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, மில் சங்குக்கு மேல் கத்திப் பழகிய குரலில், கடையே அதிரக் கூப்பிட்டார்.

"சின்னக்கண்ணு பொண்ணே!"

பட்டு மாடி முழுக்கத் திரும்பியது. பில் மெஷின் அருகே இருந்த சிப்பந்தி திரும்பினான். புது டிசைன்களை அணைத்துக்கொண்டு வந்த கடைப்பெண் அப்படியே நின்றாள். திரும்பாதது ஒருவர் மட்டும்தான். செம்மலின் அம்மா குனிந்து உட்கார்ந்திருந்தார். கை அரக்குப் புடவையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. மாத்திரைப் பட்டைகளைப் பறக்கவிடும் அந்த விரல்கள் அசையவில்லை.

"அத்த, ஒங்களத்தான் கூப்புடறாரு" என்று கலை கிசுகிசுத்தாள்.

"காதுல வுழுந்துச்சி, இன்னொரு தடவ கூப்புடட்டும். சும்மா இரு."

போனில் செம்மல், "மேடம்? எங்கப்பா குரலு மாதிரி இருக்குது. யாரக் கூப்புடறாரு?" என்றான். "ஒங்கம்மாவத்தான். பேரு கலைமகள்னே போடு" என்றாள் கலை. சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று போனைப் படிக்கட்டுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

செம்மலின் அம்மா புடவையின் இரண்டு முனைகளையும் தேடி எடுத்து, ஒன்றோடு ஒன்று பொருத்தி, வாழ்நாளில் அவசரமே அறியாதவர்போல மடிக்கத் தொடங்கினார். படியின் தலைப்பில் இராமதாஸ் இன்னும் ஓர் அடி முன்னால் வந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.